மழைக்கு ஒன்று, பனிக்கு ஒன்று: கம்பியில்லா இணைய இணைப்புக்கு எந்த அதிர்வெண்?

நான் பார்த்துக்கொள்ளும் ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் இரண்டு டிஷ்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்று 60 கிகாஹெர்ட்ஸில் ஓடுவது. 900 மீட்டர் தள்ளியிருக்கும் இன்னொரு கட்டடத்தைப் பார்த்து நிற்கிறது. மற்றது 5.8 கிகாஹெர்ட்ஸ், ஒரு பெரிய ஏரியைத் தாண்டி 14 கிலோமீட்டரில் இருக்கும் டவரோடு பேசுகிறது. ஒரு மதியம் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. இரண்டு ரேடியோக்களின் பக்கங்களையும் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 60 கிகாஹெர்ட்ஸில் சிக்னல் மைனஸ் 60 டிபிஎம் (டெசிபலில் சொல்லும் சிக்னல் வலிமை; மைனஸுக்குப் பின் வரும் எண் ஏற ஏறச் சிக்னல் வலு குறைகிறது) என்று நின்றது. முதல் பெருந்துளிகள் விழும் சத்தம் கேட்டபோது மைனஸ் 63. இன்னும் ஒரு நிமிடத்தில் 67. எதிர்க் கட்டடம் கண்ணுக்கு மங்கியது. 70ஐத் தொட்டதும் இணைப்பு அறுந்தது. பக்கத்து டிஷ்ஷில் மைனஸ் 58 என்றிருந்தது 59 ஆனது, அவ்வளவுதான். பதினெட்டு நிமிடத்தில் மழை ஓய்ந்தது. அடுத்த இரண்டு நிமிடத்தில் 60 கிகாஹெர்ட்ஸ் தானாகவே எழுந்துகொண்டது.

இதோடு கதை முடிந்திருந்தால், ‘தாழ்ந்த அதிர்வெண்ணே நல்லது’ என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் சில மாதங்கள் கழித்து, காற்றே அசையாத ஒரு பனிக்காலத்து விடியலில், மேகம் துளியும் இல்லாத வானத்தின் கீழ், அந்த 14 கிலோமீட்டர் இணைப்பு தடுமாறத் தொடங்கியது. மைனஸ் 58இலிருந்து 75க்கு விழும், எழும், மறுபடி விழும். வெயில் ஏறும்வரை அப்படித்தான். அந்த நேரம் முழுக்க 60 கிகாஹெர்ட்ஸ் ஆடாமல் அசையாமல் ஓடியது.

அதனால்தான் ‘மழையில் ஓடுமா?’ என்ற கேள்வியோடு மட்டும் அதிர்வெண்ணைத் தேர்ந்தெடுக்க வருபவர்களிடம், அது பாதிக் கேள்விதான் என்று சொல்கிறேன். ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் தனக்கென்று ஒரு கெட்ட வானிலை உண்டு. உங்கள் இணைப்பின் தூரத்துக்கு எந்த வானிலை பகையாகும், அதைத் தாங்க எத்தனை டெசிபல் கையிருப்பு இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

டெசிபலை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன், கீழே நிறைய வரப்போகிறது. 3 டெசிபல் இழந்தால் சக்தி பாதியாகும். 10 இழந்தால் பத்தில் ஒன்று, 30 இழந்தால் ஆயிரத்தில் ஒன்று. கேட்கப் பயமாக இருந்தாலும், நன்றாக அமைத்த இணைப்புகள் 30, 40 டெசிபல் இழப்பைக்கூடத் தாங்கி நிற்கும்.

துளியும் அலையும்

மழைத்துளியின் விட்டம் பெரும்பாலும் 1 முதல் 5 மில்லிமீட்டருக்குள் இருக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 6 சென்டிமீட்டர். அந்த அலைக்குத் துளி ஒரு பொருட்டே அல்ல, கடந்து போய்விடும். 60 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 5 மில்லிமீட்டர், 80இல் நாலுக்கும் சற்றுக் குறைவு. இங்கே துளியும் அலையும் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஒவ்வொரு துளியும் அலையின் சக்தியில் கொஞ்சத்தைத் தனக்குள் இழுத்துக்கொள்கிறது, மீதியில் கொஞ்சத்தைத் திசைமாற்றிச் சிதறடிக்கிறது.

இதைக் கணக்கிட சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஒரு வாய்பாடு வைத்திருக்கிறது. மணிக்கு 50 மில்லிமீட்டர் வேகத்தில் மழை கொட்டினால், ஒரு கிலோமீட்டருக்கு 5 கிகாஹெர்ட்ஸில் இழப்பு 0.2 டெசிபலைக்கூடத் தொடாது. 11 கிகாஹெர்ட்ஸில் சுமார் 2, 18இல் சுமார் 5, 28இல் சுமார் 9, 60இல் சுமார் 17, 80இல் சுமார் 19. மழை இரண்டு மடங்காகி 100 மில்லிமீட்டர் வேகத்தில் கொட்டினால் 11 கிகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 5, 18இல் 10, 28இல் 18, 60இல் 29, 80இல் 31. இந்த எண்களில் ஒன்றைக் கவனியுங்கள். 60க்கு மேல் போனதும் ஏற்றம் படுத்துவிடுகிறது. மழையைப் பொறுத்தவரை 60க்கும் 80க்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அவை இரண்டையும் பிரிப்பது வேறொன்று. அதற்குப் பிறகு வருகிறேன்.

2.4 கிகாஹெர்ட்ஸைப் பற்றி ஒரு பழைய தவறான நம்பிக்கை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. மைக்ரோவேவ் அடுப்பும் இதே அதிர்வெண்ணில்தான் தண்ணீரைச் சூடாக்குகிறது, அதனால் மழை இந்த அலையை உறிஞ்சிவிடும் என்பார்கள். அடுப்பு சூடாக்குவது நூற்றுக்கணக்கான வாட் சக்தியை ஒரு மூடிய பெட்டிக்குள் அடைத்து வைப்பதால்தான். தண்ணீர் மிக அதிகமாக உறிஞ்சும் இடம் 20 கிகாஹெர்ட்ஸை ஒட்டி இருக்கிறது, 2.4இல் அல்ல. கொட்டும் மழையிலும் 2.4இன் இழப்பு கிலோமீட்டருக்கு ஒரு டெசிபலில் நூறில் சில பங்குதான்.

அடைமழை வேறு, கொட்டும் மழை வேறு

‘எங்கள் பகுதியில் வருடம் முழுக்க மழை, அதனால் 60, 80 கிகாஹெர்ட்ஸ் போன்ற மில்லிமீட்டர் அலை எல்லாம் ஒத்துவராது’ என்று சிலர் சொல்வார்கள். வருட மழையளவை வைத்து இதை முடிவு செய்யவே கூடாது. மூன்று நாள் விடாமல் பிடிக்கும் அடைமழை பெரும்பாலும் மணிக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில்தான் பெய்யும். ஊரெல்லாம் நனையும், துணி காயாது, ஆனால் இணைப்புக்கு ஒன்றும் ஆகாது. கோடையில் இடியோடு வந்து பதினைந்து நிமிடம் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிறதே, அதுதான் ஆபத்து. அந்தப் பதினைந்து நிமிடத்தில் வேகம் மணிக்கு 100 மில்லிமீட்டரைத் தாண்டலாம். மொத்தத்தில் விழுந்தது 25 மில்லிமீட்டர்தான் என்றாலும் உயர் அதிர்வெண் இணைப்பு அறுந்துவிடும்.

ஆகவே இணைப்பை வடிவமைப்பவர்கள் வருடத்தில் 0.01 சதவீத நேரம், அதாவது சுமார் 53 நிமிடம், தாண்டப்படும் மழைவேகம் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். மிதவெப்பப் பகுதிகள் பலவற்றில் அது 30 மில்லிமீட்டரை ஒட்டியிருக்கும். வெப்பமண்டலத்தில் 100ஐயும் எட்டும். குளிர்நாட்டு விளம்பரத்தாளில் ‘3 கிலோமீட்டர் வரை’ என்று போட்டிருக்கும் அதே ரேடியோ வெப்பமண்டலத்தில் ஒன்றரை கிலோமீட்டரிலேயே திணறுவதற்கு இதுதான் காரணம். அந்தத் தாளில் பொய் இல்லை. அது எழுதப்பட்ட மழை வேறு.

கொட்டும் மழைக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. அது அகலமாகப் பரவாது. மழையின் கனமான மையப்பகுதி பெரும்பாலும் சில கிலோமீட்டர்தான் இருக்கும். ஆகவே 20 கிலோமீட்டர் இணைப்பில் 20 கிலோமீட்டருக்கும் இழப்பைப் பெருக்கிக் கணக்கிட வேண்டியதில்லை. 11 கிகாஹெர்ட்ஸ் போன்ற நடுத்தர அதிர்வெண்கள் நீண்ட தூரத்திலும் பிழைத்துக்கொள்வது இதனால்தான்.

மழைக்கும் சிக்னல் இழப்புக்கும் இடையே உள்ள இந்தக் கணக்கு அவ்வளவு நம்பகமானது என்பதால் அதைத் திருப்பியும் போட முடிகிறது. செல்பேசி டவர்களுக்கு இடையே ஓடும் மைக்ரோவேவ் இணைப்புகளின் சிக்னல் சரிவை வைத்தே மழையை அளக்கலாம் என்று ஹாகிட் மெசரும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் 2006இல் ‘சயன்ஸ்’ இதழில் காட்டினார்கள். மழைமானி இல்லாத இடங்களில் டிஷ்ஷே மழைமானி ஆகிவிடுகிறது. எனக்கு மிகப் பிடித்த விஷயங்களில் இது ஒன்று.

5 கிகாஹெர்ட்ஸும் அதற்குக் கீழும்: தெளிந்த வானம்தான் பகை

மழை இவற்றைத் தொடுவதில்லை, சரி. அப்படியானால் அந்த விடியலில் என்ன நடந்தது?

சாதாரணமாகத் தரையை ஒட்டிய காற்று வெப்பமாகவும் மேலே போகப்போகக் குளிர்ந்தும் இருக்கும். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை விரைவாக இழக்கும். விடியும்போது கீழ்க்காற்று குளிர்ந்தும் மேல்காற்று வெப்பமாகவும் தலைகீழாகிவிடும். இந்த அடுக்குகளில் ரேடியோ அலை வளைகிறது. ஒரே சிக்னல் நேராக ஒரு வழியிலும், வளைந்து இன்னொரு வழியிலும், ஏரியின் மேற்பரப்பில் பட்டுத் தெறித்து மூன்றாவது வழியிலும் வந்து சேர்கிறது. மூன்றும் ஒத்துவந்தால் சிக்னல் கூடும். ஒன்றையொன்று அடித்துக்கொண்டால் 20, 30 டெசிபல்கூடச் சரிந்துவிடும்.

இந்தத் தொல்லை தூரத்தோடு சீராக ஏறுவதில்லை, பாய்ந்து ஏறுகிறது. பொறியாளர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் விகன்ட்ஸ்–பார்னெட் சூத்திரத்தின்படி, தூரம் இரண்டு மடங்கானால் இந்த வகைச் சரிவின் வாய்ப்பு எட்டு மடங்காகிறது. வழியில் நீர்ப்பரப்பு இருந்தால், சராசரி நிலத்தைவிட நான்கு மடங்கு. 3 கிலோமீட்டர் இணைப்பில் இதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். 25 கிலோமீட்டரில் நினைக்காமல் இருக்கவே கூடாது. மருந்து என்னவென்றால், ஒரே கம்பத்தில் சில மீட்டர் உயர வித்தியாசத்தில் இரண்டு டிஷ் வைப்பது. ஒன்றில் சிக்னல் சரியும்போது மற்றதில் பெரும்பாலும் சரியாது. இன்னொரு வழி, நீரில் பட்டுத் தெறிக்கும் பாதையை ஏதாவது ஒரு கட்டடமோ மேடோ மறைக்கும்படி டிஷ்ஷின் உயரத்தைத் தேர்வது. எங்கள் ஏரி இணைப்பில் டிஷ்ஷை ஒன்றரை மீட்டர் கீழே இறக்கினோம். மாடியின் கைப்பிடிச்சுவர் நீரின் எதிரொளிப்பை மறைத்தது, நேர்ப்பாதையை விட்டுவைத்தது. விடியல் சரிவு பாதிக்குமேல் குறைந்தது.

அதே தலைகீழ் அடுக்கு இன்னொரு வேலையும் செய்யும். தொலைவில் இருக்கும், வழக்கமாக நமக்குக் கேட்கவே கேட்காத ரேடியோக்களை ஒரு குழாய்க்குள் போட்டதுபோல் இங்கே கொண்டுவந்து சேர்த்துவிடும். செல்பேசி வலையமைப்பு வழியாக வரும் வீட்டு இணைய இணைப்புகளையும் இது விடுவதில்லை. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நிலையங்கள் ஒன்றையொன்று இடைஞ்சல் செய்வதைக் கண்டறிந்து சமாளிக்கவே 5ஜி தரநிலையின் 16ஆம் வெளியீட்டில் தனி ஏற்பாடு சேர்க்க வேண்டியிருந்தது. சிக்னல் அளவு நன்றாக இருக்கிறது, ஆனால் வேகம் மட்டும் அதிகாலையில் படுத்துவிடுகிறது என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

பிறகு மரங்கள். வெயில் நாளில் இரண்டு மரக்கிளைகளின் ஊடாக 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்பு எப்படியோ ஓடிக்கொண்டிருக்கும். மழை பெய்து இலைகள் நனைந்ததும் அறுந்துபோகும். ‘5 கிகாஹெர்ட்ஸும் மழைக்குத் தாங்கவில்லையே’ என்று நிறையப் பேர் முடிவு கட்டுவது இங்கேதான். பழி மழைத்துளியின் மேல் இல்லை, நனைந்த இலையின் மேல். பார்வைக்கோடு தெளிவாக இருந்தால் மட்டும் போதாது; அந்தக் கோட்டைச் சுற்றி ஃபிரெனல் மண்டலம் என்ற ஒரு நீள்வட்ட இடமும் காலியாக இருக்க வேண்டும். 5.8 கிகாஹெர்ட்ஸில் 10 கிலோமீட்டர் இணைப்புக்கு நடுவழியில் அதன் ஆரம் 11 மீட்டருக்குச் சற்று அதிகம். அதில் 60 சதவீதமாவது எந்தத் தடையும் இல்லாமல் இருக்க வேண்டும். 80 கிகாஹெர்ட்ஸில் 1 கிலோமீட்டர் இணைப்புக்கு ஆரம் 1 மீட்டர்தான். ஒரு சந்து அகலம் கிடைத்தாலும் நுழைந்துவிடும்.

5 கிகாஹெர்ட்ஸுக்கு வானிலையோடு விசித்திரமான ஓர் உறவும் இருக்கிறது. மழையை அளக்கும் வானிலை ரேடார்கள் பல இதே பகுதியில், 5600 முதல் 5650 மெகாஹெர்ட்ஸுக்குள் வேலை செய்கின்றன. ரேடார் சிக்னலைக் கண்டதும் உங்கள் ரேடியோ அந்தச் சேனலை விட்டு விலகியாக வேண்டும். மறுபடி அங்கே வர அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். அருகில் வானிலை ரேடார் இருந்தால் அந்தத் துண்டை விட்டுவிட்டு வேறு சேனலுக்குப் போய்விடுவதே நிம்மதி.

நடுவில் இருப்பவை

11 முதல் 23 கிகாஹெர்ட்ஸ் வரை உள்ளவை பெரும்பாலும் உரிமம் வாங்கிப் பயன்படுத்த வேண்டியவை. காகித வேலை உண்டு, காத்திருப்பு உண்டு. அதற்குப் பதிலாக வேறு யாருடைய இடைஞ்சலும் இல்லாத சேனல் கிடைக்கிறது. 5 முதல் 15 கிலோமீட்டர் வரை, நம்பி ஒரு நிறுவனத்தையோ ஒரு சிற்றூரையோ தொங்கவிட வேண்டிய இணைப்பு என்றால் நான் 11ஐத்தான் சொல்வேன். கொட்டும் மழையில் 15, 20 டெசிபல் போனாலும், நல்ல டிஷ்கள் வைத்த இணைப்பில் அதைவிட அதிகமாகவே கையிருப்பு இருக்கும். 18, 23 இரண்டும் அதே குணம், குறைந்த தூரம்.

இந்த வரிசையில் ஒரு சிறு உபாயம் பெரிய பலன் தரும். விழும் துளி முழு உருண்டையாக இருப்பதில்லை. காற்று கீழிருந்து தள்ளுவதால் அமுங்கி அகலமாகிவிடுகிறது. அதனால் கிடைமட்ட முனைவாக்கத்தில், அதாவது பக்கவாட்டில் அதிர்ந்தபடி, போகும் அலை செங்குத்தில் போவதைவிட அதிகம் இழக்கும். 11 கிகாஹெர்ட்ஸில், 100 மில்லிமீட்டர் மழையில், கிலோமீட்டருக்குச் சுமார் 1 டெசிபல் வித்தியாசம். செலவே இல்லாமல் கிடைப்பது இது. ஒற்றை முனைவாக்கம்தான் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் செங்குத்தைக் கேட்டு வாங்குங்கள்.

60க்கும் 80க்கும் இடையே

இரண்டையும் மழை ஒரே மாதிரிதான் அடிக்கிறது என்று மேலே சொன்னேன். வித்தியாசம் ஆக்சிஜனில் இருக்கிறது. நாம் மூச்சுவிடும் ஆக்சிஜனே 60 கிகாஹெர்ட்ஸ் அலையை உறிஞ்சுகிறது. கடல்மட்டத்தில் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 15 டெசிபல். வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் இந்த வரியைக் கட்டித்தான் ஆக வேண்டும். 71–76, 81–86 கிகாஹெர்ட்ஸ் பகுதிகளில் காற்று எடுப்பது கிலோமீட்டருக்கு அரை டெசிபல் அளவுதான்.

அப்படியிருந்தும் 60ஐ யாரும் கைவிடவில்லை. உரிமம் தேவைப்படாத இடங்கள் அதிகம், ஆக்சிஜன் உறிஞ்சிவிடுவதால் பக்கத்துவீட்டு ரேடியோவின் இடைஞ்சலும் தூரம் வராது. குறுகிய தூரத்தில் அது அருமையான சரக்கு. எங்கள் 900 மீட்டர் இணைப்பு அறுந்ததற்குக் காரணம் அதிர்வெண் அல்ல, அதை அதன் சக்திக்கு மீறிய தூரத்தில் வைத்ததுதான். விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும். கணக்குப் பாருங்கள்: 60 கிகாஹெர்ட்ஸில் 1 கிலோமீட்டரை 500 மீட்டராகக் குறைத்தால், தூரம் பாதியானதற்கு 6 டெசிபல் மிச்சம், ஆக்சிஜனில் 7.5 மிச்சம். வெயில் நாளிலேயே 13.5 டெசிபல் கூடுகிறது. 50 மில்லிமீட்டர் மழையில் துளிகள் எடுப்பதும் 17இலிருந்து 8.5 ஆகிறது. மொத்தத்தில் 22 டெசிபல், அதாவது நூற்றைம்பது மடங்குக்கும் மேல் சக்தி. வேறு எந்தக் கருவியை மாற்றினாலும் இவ்வளவு கிடைக்காது. இடையில் ஒரு கட்டடத்தின் மாடி கிடைத்தால் ஒரு நீளமான தாவலை இரண்டு குட்டைத் தாவலாக உடைத்துவிடுங்கள்.

80க்கு வேறொரு பகை உண்டு: காற்று. 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் அலைக்கற்றை 5.8 கிகாஹெர்ட்ஸில் சுமார் 6 டிகிரி அகலம். 80இல் அரை டிகிரிக்கும் குறைவு. மெலிந்த கம்பம் காற்றில் அரை டிகிரி திரும்பினால் 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தெரியவே தெரியாது, 80இல் சிக்னல் காணாமல் போகும். மழை இல்லாத வறட்டுக் காற்றில் இணைப்பு விட்டுவிட்டு அறுந்தால் ரேடியோவைக் குறை சொல்லாதீர்கள், கம்பத்தைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். தடித்த குழாய், குட்டையான கம்பம், சுவரில் இரண்டு இடத்தில் பிடிமானம். இதற்குச் செலவழிப்பது வீண் போகாது.

டிஷ்ஷின் முகத்தில் படியும் நீர்ப்படலமும் இந்த அதிர்வெண்களில் சில டெசிபலைத் தின்னும். தூறல் நேரத்தில் கணக்குக்கு மேல் இழப்பு தெரிந்தால் பெரும்பாலும் அதுதான்.

மூடுபனி, வெண்பனி, ஒளிக்கற்றை

மூடுபனியை ரேடியோக்காரர்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 50 மீட்டர்கூடக் கண் தெரியாத அடர்ந்த மூடுபனியில் 80 கிகாஹெர்ட்ஸ் இழப்பது கிலோமீட்டருக்கு 2, 3 டெசிபல் அளவுதான். ரேடியோவுக்குப் பதில் ஒளியை அனுப்பும் இணைப்புகளுக்குக் கதை நேர்மாறு. மழையை அவை ஓரளவு தாங்கும். மூடுபனியின் நுண்துளிகள் ஒளியின் அலைநீளத்தோடு ஒத்துப்போவதால் அங்கே விழுந்துவிடும். 17ஐப் பார்வைத் தூரத்தால், கிலோமீட்டரில், வகுத்தால் கிலோமீட்டருக்கு எத்தனை டெசிபல் இழப்பு என்று தோராயமாகக் கிடைக்கும். 200 மீட்டர்தான் கண் தெரிகிறது என்றால் 85 டெசிபல். மூடுபனி குறைவான இடத்தில் ஒளி நன்றாகவே வேலை செய்யும். கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் தாரா திட்டம் 2021இல் காங்கோ ஆற்றின் குறுக்கே, பிராசவில்லுக்கும் கின்ஷாசாவுக்கும் இடையே ஐந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தை ஒளிக்கற்றையால் இணைத்துக் காட்டியது.

வெண்பனியில் உலர்ந்தது தொல்லை தராது, ஏனென்றால் உறைந்த நீர் திரவ நீரைவிட மிகக் குறைவாகவே அலையை உறிஞ்சுகிறது. உருகும் நிலையில் இருக்கும் ஈரப்பனிதான் கெடுதல், அதுவும் டிஷ்ஷில் அப்பிக்கொண்டால்.

மழைமேல் பழி போடுமுன்

மழை நின்ற பிறகும் சில மணிநேரம் சிக்னல் திரும்பவில்லை என்றால் அது மழையிழப்பே அல்ல. வானத்து மழையால் வரும் இழப்பு, மழை விட்டதும் சில நிமிடத்தில் சரியாகிவிடும். மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பதுபோல் இழுத்துக்கொண்டே போனால், எங்கோ தண்ணீர் புகுந்திருக்கிறது.

இப்படி ஒன்றைப் பிரித்தது நன்றாக நினைவிருக்கிறது. மூன்று வாரமாக ஒவ்வொரு மழைக்கும் அரைநாள் படுத்துக்கொண்ட 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்பு. கனெக்டரைச் சுற்றியிருந்த டேப்பைக் கத்தியால் கீறியதும் உள்ளங்கையில் ஒரு கரண்டி தண்ணீர் வடிந்தது. நடு ஊசியில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது, கேபிளின் பின்னல்கம்பி கறுத்து மாவாக உதிர்ந்தது. டேப்பை மேலிருந்து கீழாகச் சுற்றியிருந்தார்கள். ஒவ்வொரு சுற்றின் விளிம்பும் தண்ணீரை வாங்கும் வாயாகிவிட்டது. கீழிருந்து மேலாகச் சுற்றியிருந்தால் கூரை ஓடுபோல் ஒன்றன்மேல் ஒன்று படிந்து தண்ணீரை வடித்துவிட்டிருக்கும். கேபிள் உள்ளே நுழையுமுன் ஒரு வளைவு கீழே தொங்கவிட்டிருந்தால் பாதித் தண்ணீர் அங்கேயே சொட்டியிருக்கும்.

அறுபடும் நேரத்தைக் குறித்து வைத்தால் காரணம் தானாகவே தெரிந்துவிடும். மழையோடு வந்து மழையோடு போனால் துளி. வெயில் வந்து காய்ந்த பிறகு சரியானால் இலை. நாள்கணக்கில் நீண்டால் கனெக்டர். காற்றோடு வந்தால் கம்பம். தெளிந்த விடியலில் வந்தால் காற்றடுக்கு.

எதைத் தேர்வது?

500 மீட்டருக்குள், பார்வைக்கோடு தெளிவு: 60 கிகாஹெர்ட்ஸ். யோசிக்கவே வேண்டாம். அதே ரேடியோவில் அவசரத்துக்கு 5 கிகாஹெர்ட்ஸும் சேர்ந்து வந்தால் இன்னும் நல்லது.

500 மீட்டரிலிருந்து 2 கிலோமீட்டர் வரை: உரிமம் கிடைக்குமானால் 80, கெட்டியான கம்பத்தோடு. மழை கொட்டும் பகுதியில் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் போனால் 5 கிகாஹெர்ட்ஸ் ஒன்றைத் துணைக்கு நிறுத்துங்கள். இரண்டுக்கும் ஒரே வானிலையில் கேடு வராது என்பதுதான் இந்த ஜோடியின் பலம். இரண்டு 60 கிகாஹெர்ட்ஸ் இணைப்புகளை அடுத்தடுத்து வைத்துவிட்டு மாற்று ஏற்பாடு இருக்கிறது என்று நினைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரே மழை இரண்டையும் சேர்த்தே சாய்த்துவிடும்.

2 முதல் 5 கிலோமீட்டர் வரை 18 அல்லது 23. அதற்கு மேல் 15 வரை 11. உரிமம் வாங்க முடியாது, சுற்றிலும் இடைஞ்சல் குறைவு என்றால் 5 கிகாஹெர்ட்ஸ். 15க்கு மேல் 6 கிகாஹெர்ட்ஸ் பகுதியும் அதற்குக் கீழும்தான். அங்கே உங்கள் கவலை மழை அல்ல, விடியல். மரங்களைத் தவிர்க்கவே முடியாத வீட்டுக்கு, எவ்வளவு ஆசை காட்டினாலும் 28 கிகாஹெர்ட்ஸ் இணைப்பை வாங்காதீர்கள். தாழ்ந்த அதிர்வெண்ணில் ஓடும் செல்பேசிவழி இணைப்பே மேல்.

எத்தனை நேரம் அறுந்தால் பொறுப்பீர்கள் என்பதையும் முன்கூட்டியே எண்ணாகச் சொல்லிக்கொள்ளுங்கள். 99.9 சதவீதம் என்றால் வருடத்தில் எட்டே முக்கால் மணிநேரம் இருட்டு. 99.99 என்றால் 53 நிமிடம். வீட்டுக்கு முதலாவது போதும். மருத்துவமனைக்குப் போதாது.

இணைப்பு தருபவரிடம் இரண்டே எண்களைக் கேளுங்கள்: வெயில் நாளில் வரும் சிக்னல் எவ்வளவு, மிகத் தாழ்ந்த மாடுலேஷனில் (அலையில் தரவை ஏற்றும் முறையின் அடிப்படியில்) தாக்குப்பிடிக்கும் கடைசி சிக்னல் எவ்வளவு. இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் கையிருப்பு. மழை வலுக்கும்போது ரேடியோ படிப்படியாக வேகத்தைக் குறைத்துக்கொண்டு இந்த இடைவெளியில்தான் உயிர்பிடித்திருக்கும். 256 குவாம் என்ற மேல்படியிலிருந்து அடிப்படிக்கு வந்தால் வேகம் கால்பங்காகவோ அதற்கும் குறைவாகவோ ஆகும், ஆனால் இணைப்பு நிற்கும். 80 கிகாஹெர்ட்ஸ், ஒன்றரை கிலோமீட்டர், வெயிலில் மைனஸ் 35, கடைசி மைனஸ் 72 என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கையிருப்பு 37. 50 மில்லிமீட்டர் மழைக்கு 28, நனைந்த டிஷ்களுக்கு 3, மிச்சம் 6: தாங்கும். 100 மில்லிமீட்டர் மழைக்கு 46 வேண்டும்: தாங்காது. அதே ரேடியோவை 1 கிலோமீட்டரில் வைத்தால் கையிருப்பு 40ஐத் தாண்டும், 100 மில்லிமீட்டர் மழை கேட்பதோ டிஷ் ஈரத்தையும் சேர்த்து 34. அந்த அரை கிலோமீட்டரைக் குறைக்க வழி இருக்கிறதா என்று கையெழுத்துப் போடுமுன் ஒருமுறை மாடியில் ஏறி நின்று பார்த்துவிடுங்கள்.